அத்தானின் குடைக்காரி

என் அக்காவின் கணவர் மகாதேவனுக்கு மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் நான்கு அறை வீடு. அதில் ஓர் அறைக்கு மட்டும் வருடம் முழுவதும் ஏசி ஓடும். அந்த அறையில் மனிதர் யாரும் படுப்பதில்லை. பழைய பிரிட்டிஷ் சினிமாப் போஸ்டர்கள் படுத்திருக்கின்றன. ஜனவரியில் வெயில் நாற்பத்திரண்டைத் தொடுகிற நாட்களில் என் அக்கா நாகேஸ்வரி, குசினியில் மேசை விசிறியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு மீன் பொரிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் போஸ்டர்கள் இருபது பாகைக் குளிரில் சுகமாகக் கிடக்கும். கடதாசிக்குச் சூடு கூடாது என்பார் அத்தான். மனிசிக்கு மட்டும் கூடுமா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த அறை முன்பு அக்காவின் மகள், என் மருமகள் தர்சினியுடையது. அவள் கலியாணம் கட்டிப் பேர்த்துக்குப் போன அடுத்த கிழமையே அத்தான் கட்டிலைக் கழற்றிக் கராஜுக்குள் சாத்தினார். அந்த இடத்தில் இழுத்துத் திறக்கிற அகலமான லாச்சிகள் வைத்த இரும்பு அலுமாரி ஒன்று வந்தது. முன்பு ஏதோ ஓர் அலுவலகத்தில் வரைபடங்கள் வைத்திருந்த அலுமாரியாம். யன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டார். வாசலில் ஒரு சின்ன மேசையும் அதன்மேல் ஒரு சோடி வெள்ளைப் பருத்திக் கையுறையும். சாமியறைக்குள் செருப்போடு போனாலும் அத்தான் பேசாமல் இருப்பார். இந்த அறைக்குள் கையுறை இல்லாமல் போக முடியாது. போன மகளுக்கு அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அலுமாரி வந்திறங்கிய அன்று கண் கலங்கினார். நான்தான் மறுபக்கம் பிடித்துத் தூக்கினேன், அதனால் கிட்ட நின்று பார்த்தேன்.

ஊர்ச் சனம் கூடுகிற இடமெல்லாம் அத்தான் தன்னைப் பற்றிச் சொல்வது ஒரே கதைதான். தான் லண்டனில் சினிமாத் துறையில் இருந்தவர். பக்கத்தில் நின்று நானும் இருபது வருடமாகத் தலையாட்டியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், கணக்கியல் படிக்கப் போன இடத்தில், தென் லண்டனில் ஒரு தியேட்டரில், பின்னேரங்களில் கதிரைகளுக்கு அடியில் சோளப்பொரி கூட்டினார். கூட்டுவது கேவலமான வேலை இல்லை. நான் டண்டினொங் டிப்போவில் பஸ் ஓட்டுகிறவன். கடைசித் தரிப்பில் சீட்டுக்கு அடியில் என்னென்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டினேன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வராது.

அந்தத் தியேட்டரை மூடியபோது நிலவறையைத் துப்புரவாக்கும் வேலையும் அவருக்குத்தான் விழுந்தது. குப்பையில் போடச் சொன்ன கட்டு ஒன்றிலிருந்து பன்னிரண்டு போஸ்டர்களை மடித்தபடியே எடுத்து, சூட்கேசின் அடியில் பரப்பி, மேலே உடுப்பை அடுக்கிக்கொண்டு எண்பத்தெட்டில் மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தார். கலைக்கு ஆபத்து வரும்போது காப்பாற்றியவன் தானென்று இப்போது சொல்வார். சூட்கேசின் அடி கிழிந்திருந்தது என்று அக்கா சொல்வாள். எனக்கு அக்கா சொல்வதில்தான் நம்பிக்கை.

பிறகு பதினைந்து வருடம் அந்தப் பன்னிரண்டும் கட்டிலுக்கு அடியில் தூசி தின்றன. அதுவரை அத்தான் ஒரு நகரசபைக் கந்தோரில் கணக்குப் பார்த்தார், புல்லு வெட்டினார், எல்லோரையும் போல இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு நிகழ்ச்சி. யாரோ கிழவர் வீட்டிலிருந்து ஒரு பழைய போஸ்டரைக் கொண்டு வந்து விரிக்க, கோட் போட்ட நிபுணர் கதிரையை விட்டு எழும்பி நின்று கிழவருக்குக் கை கொடுத்தார். அதற்கு என்ன விலை சொன்னார்கள் என்பது அத்தானுக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை. கை கொடுத்தது ஞாபகமிருக்கிறது. நகரசபையில் அவருக்காக ஒருவரும் எழும்பி நின்றதில்லை. அடுத்த நாளே சூட்கேஸ் வெளியில் வந்தது. ஒரு மாதத்தில் அத்தான் நிபுணராகிவிட்டார்.

அந்தப் படங்களில் ஒன்றையாவது பார்த்திருக்கிறாரா என்றால், இல்லை. பழைய ஆங்கிலப் படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் அவருக்குக் குறட்டை வந்துவிடும். ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். படம் பார்க்கிறவன் வேறு, போஸ்டர் சேர்க்கிறவன் வேறு என்று எனக்கு விளக்கினார். இங்கத்தைய ஆட்கள் ஆசையாகச் சேர்க்கிற ஒடுங்கல் நீட்டு ஆஸ்திரேலியப் போஸ்டர்களைக் கண்டால் அவருக்கு முகம் சுளிக்கும். அது கத்தரிக்காய் சுற்றுகிற கடதாசியாம். பிரிட்டிஷ்காரன் அடித்தது, படுக்கைவாட்டில் இருக்க வேண்டும், முப்பது அங்குலத்துக்கு நாற்பது. மற்றதெல்லாம் குப்பை. எங்களை ஆண்டவன் அடித்த கடதாசி என்றால் அத்தானுக்கு அதில் ஒரு வாசம் வரும்.

அத்தானுக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பயம். இதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், முழங்கால் வலி என்பார். அதனால் பலராற், ஜீலோங் என்று பழைய சாமான் சந்தைகளுக்கெல்லாம் நான்தான் அவரை ஏற்றி இறக்கினேன். கிழமையில் ஆறு நாள் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஏழாவது நாளும் ஓட்டம். போகிற வழியெல்லாம் பாடம் நடக்கும். கடதாசியில் ஒட்டு நாடா ஒட்டக்கூடாது. ஊசி குத்தக்கூடாது. மடிப்புக் கோடு குறை இல்லை, அந்தக் காலத்தில் தியேட்டருக்கு மடித்துத்தான் அனுப்பினார்கள், ஆகவே மடிப்புத்தான் அத்தாட்சி. இந்தப் பாடங்களில் ஒன்றை அவர் மூன்று தரமாவது எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"எல்லாப் பிழைக்கும் மன்னிப்பு இருக்கு, நாகராஜன். லமினேட் பண்ணுறவனுக்கு மட்டும் இல்லை. அதுக்குப் பிறகு அது போஸ்டர் இல்லை, சாப்பாட்டு மேசை விரிப்பு."

அக்காவுக்கு இந்தப் பாடம் எதுவும் நடக்கவில்லை. அவளுக்கு அவர் சொன்னது ஒரு சொல்தான், தொடாதையும். ஏன் தொடக்கூடாது என்று வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு மணித்தியாலம் விளக்குவார். கட்டின மனிசிக்கு விளக்க அவருக்கு வாய் நோகும்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் அவருடைய உயிர். படத்தின் பெயர் எனக்கு வாயில் நுழையாது. வீட்டில் நாங்கள் அதைக் குடைக்காரி என்போம். பனிப்புகார் மூடிய ஒரு தெரு, ஒரு விளக்குக் கம்பம், அதன் கீழே சிவப்புக் குடையோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஓர் அரை முகம். அந்தப் படத்தின் பிரதி உலகத்தில் எங்குமே இல்லையாம், எல்லாம் எரிந்துவிட்டதாம். போஸ்டரும் மூன்றே மூன்றுதான் மிச்சமாம். ஒருவரும் பார்க்க முடியாத படம் என்பதில் அத்தானுக்குப் பெரிய நிம்மதி. கதை என்னவென்று யாரும் கேட்க முடியாது.

போன வருடம் ஒக்டோபரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மெல்பேர்னில் போஸ்டர் சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அத்தான் ஆறு வருடமாக அதன் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து வந்தவர். அவர்கள் நகரத்தில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள், குடைக்காரியை நடுச் சுவரில் மாட்டலாமா என்று யோசிக்கிறார்கள், மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்து முடிவு சொல்வார்கள். தெரிவானால் போஸ்டருக்குக் கீழே ஒரு சின்ன அட்டையில் மகாதேவன் என்ற பெயர் இருக்கும். அத்தான் அந்த மின்னஞ்சலை அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அந்த அட்டை கிடைத்தால் போதும், அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அது அவரது முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

உடனே சட்டங்கள் பிறந்தன. மூன்று நாளைக்கு வீட்டில் மீன் சமைக்கக்கூடாது. சாம்பிராணி போடக்கூடாது. வரவேற்பறையிலிருந்த தர்சினியின் சாமத்தியச் சடங்குப் படத்தைக் கழற்றி வைத்தார், அது பளபளப்புக் கூடவாம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீரும் வாரும். தேத்தண்ணி குடுக்க ஒரு ஆள் வேணும். பஸ் யூனிஃபோர்மோட வந்திடாதையும்." ஞாயிற்றுக்கிழமையில் நான் ஒருநாளும் யூனிஃபோர்ம் போட்டதில்லை. அவருக்கு அது தெரியும். சரி அத்தான் என்றேன்.  

ஞாயிறுக்கு முந்திய புதன்கிழமை அத்தான் சிட்னிக்குப் பறந்தார். அங்கே யாரோ ஒருவர் குடைக்காரிக்குப் பொருத்தமான பழைய மரச்சட்டம் வைத்திருக்கிறாராம். சனி பின்னேரம்தான் திரும்புவார். வியாழன் எனக்குப் பின்னேர ஓட்டம், காலையில் அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஓர் அலுவலாக டண்டினொங் போக வேண்டும், காரைக் கொண்டு வா என்றாள். போய்ப் பார்த்தால், வரவேற்பறையில் பெரிய கடதாசி மட்டைகள் இரண்டுக்கு நடுவில், பழைய படுக்கை விரிப்பால் சுற்றி, குடைக்காரி புறப்பட ஆயத்தமாக நின்றாள்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. தொண்ணூற்று மூன்றில், கலியாணத்துக்கு இங்கே வருவதற்காக, யுத்தத்துக்கு நடுவில் யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கடலைப் படகில் கடந்தவள். நடுவழியில் படகுக்குள் தண்ணீர் ஏறியது. மடியில் வைத்திருந்த பையில் அவளது பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தது, அதை அப்பா முன்பே லமினேட் செய்து வைத்திருந்தார். பரீட்சைப் பெறுபேறு இருந்தது, அதை அப்பா நாளைக்குச் செய்வோம் என்று விட்டிருந்தார். கரையேறியபோது ஒன்று அப்படியே இருந்தது. மற்றது கஞ்சியாகியிருந்தது. எட்டுப் பாடத்தில் ஆறு அதிவிசேட சித்தி எடுத்தவள் என்பதற்கு இங்கே காட்ட ஒரு துண்டும் இல்லை. கொழும்பில் நகல் எடுக்கலாம் என்றார்கள். அந்த நகல் வந்து சேர்ந்தபோது அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் பத்து வருடம் முடித்திருந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் வந்த எந்த முக்கியமான கடதாசியையும் அவள் வெறும் கடதாசியாக விட்டதில்லை. கலியாணப் பதிவு, பிரசாவுரிமை, தர்சினியின் பட்டம், பேரனின் தடுப்பூசி அட்டை எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருக்கின்றன.

"மடிப்புகள் எல்லாம் வெடிக்குது தம்பி. அந்த வெள்ளைக்காரருக்கு முன்னால கிழிஞ்சதை விரிச்சா அவருக்கெல்லே வெக்கம்" என்றாள் அக்கா. பிறகு, அவர் வந்து திறக்கும்போது பார்க்கட்டும், ஒன்றும் சொல்லிவிடாதே என்றாள். அவளது முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் களவுச் சந்தோசம் இருந்தது. முப்பது வருடத்தில் அந்த மனுசனுக்காக அவள் திட்டம் போட்டு ஒன்று செய்வதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

டண்டினொங்கில் சிறியின் கடை எல்லோருக்கும் தெரியும். கலியாண அட்டை, சாமத்திய அட்டை, முப்பத்தோராம் நாள் அழைப்பு எல்லாம் அவன்தான் அடிப்பான். பின்னால் கடைப் பலகைகளுக்குப் பிளாஸ்டிக் ஏற்றுகிற பெரிய உருளை இயந்திரமும் வைத்திருக்கிறான். விரிப்பை அவிழ்த்துப் பார்த்தவுடன் அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, இது பழைய சாமான் போல கிடக்கு. ஒட்டினா பிறகு எடுக்கேலாது."

"எடுக்கிறதுக்கே தம்பி ஒட்டுறது?" என்று அக்கா சிரித்தாள்.

சிறிக்கு அது போதவில்லை. என்னைப் பார்த்தான். "அண்ணை, போடட்டோ?"

எனக்கு மறந்துபோய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மேசை விரிப்பு என்று அத்தான் சொன்ன குரல் அப்படியே காதில் கேட்டது. ஒரு சொல் சொன்னால் போதும், அக்கா அதே விரிப்பால் சுற்றிக்கொண்டு திரும்பியிருப்பாள். கூடவே பஸ் யூனிஃபோர்மும் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரருக்கு முன்னால் அந்த லாச்சியைத் திறக்கும்போது அவருடைய முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க நன்றாக இருந்தது. அக்காவை நான் நினைக்கவேயில்லை.

"போடும்" என்றேன்.

திரும்பி வரும்போது அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து, அது வளையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். சமிக்ஞை விளக்குகளில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் அவளது முகம் தெரிந்தது. நான் ரேடியோவைப் போட்டேன்.

சனிக்கிழமை திரும்பி வந்த அத்தான், அக்கா பழையபடி மூடி வைத்திருந்த லாச்சியைத் திறக்கவில்லை. திறந்து திறந்து பார்த்தால் கடதாசி களைத்துப்போகும் என்பது அவருடைய இன்னொரு சட்டம்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். சங்கத் தலைவி உயரமான, நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய பெண். மற்ற இருவரும் அவளுக்குப் பின்னால் நடக்கிற ஆண்கள். அத்தான் வீட்டுக்குள்ளேயே புதுக் கோட்டு போட்டிருந்தார். லண்டனில் சினிமாத் துறையில் இருந்த கதை ஒரு சுற்றுப் போனது. பிறகு எல்லோரும் அறைக்குள் போனார்கள். நான் தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றேன். அக்கா பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அத்தான் வீட்டில் இருக்கும்போது அவள் அந்த அறைக்குள் வருவதில்லை, அன்றைக்கும் வரவில்லை.

அத்தான் கையுறையைப் போட்டு, குருக்கள் திரை விலக்குவது போல லாச்சியை இழுத்தார். மேலே எரிந்த விளக்கு முழுவதும் அதில் விழுந்து பளீரென்று அடித்தது. குடைக்காரியின் முகமே தெரியவில்லை. தலையைச் சரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மடிப்புகள் அமுங்கிப்போயிருந்தன. சிவப்புக் குடைக்குக் கீழே ஒரு காற்றுக் குமிழி இருந்தது. தலைவி வாயைப் பொத்தினாள். அத்தான் ஒரு விரலால் மெல்லத் தொட்டார். கையுறை பிளாஸ்டிக்கில் வழுக்கியது.

இதை யார் செய்தது என்று தலைவி கேட்டாள்.

அத்தான் திரும்பி வாசலைப் பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். பரிசுப் பொதியைக் கொடுத்துவிட்டு, பிரிக்கும்வரை காத்திருக்கிறவர்கள் நிற்பார்களே, அப்படி நின்றாள். அத்தான் அவளை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.  இப்போது வெடிக்கப் போகிறார் என்று இருந்தேன். அதற்காகத்தானே நான் வந்திருந்தேன்.

நான்தான் செய்தேன் என்று அத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் ஆட்கள் முக்கியமான கடதாசியை இப்படித்தான் வைத்திருப்பார்கள் என்றும் சொன்னார். அக்கா அதைக் கேட்டுவிட்டு, தேநீரோடு கொடுக்கப் பொரித்து வைத்திருந்த றோல்ஸ் எடுத்து வரக் குசினிக்குப் போனாள்.

அவள் போனபிறகு மற்றவர்கள் பேசினார்கள். இனி இதைக் கண்காட்சியில் வைக்க முடியாது என்றாள் தலைவி. இவ்வளவு காலம் சங்கத்தில் இருந்த ஒருவர் இப்படிச் செய்வார் என்று தான் நினைக்கவில்லை என்றாள். மற்ற போஸ்டர்களையும் இப்படிச் செய்துவிட்டீர்களா என்று ஒருவன் கேட்டான், கேட்கும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். இல்லை, மிகத் திறமானதை மட்டும்தான் என்றார் அத்தான். பாதித் தேநீரோடு எழும்பினார்கள். றோல்ஸை ஒருவரும் தொடவில்லை. தலைவி காருக்குள் இருந்து கையசைத்தாள், கை கொடுக்கவில்லை.

அக்கா மட்டும் அன்றைக்கு மிகுந்த சந்தோசமாக இருந்தாள். அவர்கள் வாயடைத்துப் போனதைத் தன் கண்ணால் கண்டாளே. குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாத்தியே தம்பி, செய்தது நான், பேர் எடுக்கிறது அவர். அவருக்கு எல்லாம் தனக்கே வேணும்" என்றாள்.  றோல்ஸில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். 

குடைக்காரி இப்போது வரவேற்பறையில், சிட்னியிலிருந்து வந்த மரச்சட்டத்துக்குள், தர்சினியின் சாமத்தியப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறாள். வெள்ளிக்கிழமைகளில் அக்கா அவளை ஈரத்துணியால் துடைக்கிறாள். துடைக்கத் துடைக்க எவ்வளவு வடிவாக வருகிறது பாருங்கோ என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறாள். ஓம் என்கிறார் அத்தான். அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மிச்சப் போஸ்டர்கள் எல்லாம் ஏசியில்தான் கிடக்கின்றன, அக்கா விசிறியோடுதான் இருக்கிறாள், லண்டனில் சினிமாத் துறையில் இருந்த கதையும் அப்படியே இருக்கிறது. சங்கக் கூட்டங்களுக்கு மட்டும் போவதில்லை.

போன மாதம் ஜீலோங் சந்தைக்கு ஏற்றிப் போகச் சொன்னார். ஏற்றிக்கொண்டு போனேன். ஃப்ரீவேயில் ஏறும்வரை பாடம் நடக்கவில்லை. வெரிபீ தாண்டியபிறகு, தான் சிறியின் கடைக்குப் போனதாகச் சொன்னார். பிளாஸ்டிக்கை எடுக்கவே முடியாதாம். நான் தெருவைப் பார்த்து ஓட்டினேன்.

"உம்மைக் கேட்டுப்போட்டுத்தான் ஒட்டினவனாம்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சொல் எனக்கும் வாயில் வரவில்லை. அக்காவுக்கு ஒன்றும் தெரியாது அத்தான் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியவும் வேண்டாம். சொல்லிப்போடாதையும்" என்றார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லாமல் இருக்கிறது உமக்கு வரும்தானே."